பழைய பாடகியோட ரெக்கார்டை மறுபடி வெளியிடுறீங்களா, இதையெல்லாம் பண்ணிடாதீங்க

1950கள்ல பாடின ஒருத்தரோட அரிய சிங்கிள்ஸ், பெட்டியிலயே தூங்கிட்டிருந்த டேப், இதெல்லாம் கைக்கு வந்ததும் எல்லாருக்கும் ஒரே அவசரம்தான், கம்ப்யூட்டர்ல ஏத்தி இரைச்சலை துடைச்சிடணும். ஆனா கம்ப்யூட்டருக்கு வர்றதுக்குள்ளயே பாதி காரியம் கெட்டுப்போயிருக்கும்.

முதல்ல ஊசி. நிமிஷத்துக்கு 78 தடவை சுத்துற பழைய 78 தட்டோட பள்ளம் அகலம், அதுக்கு சுமார் 75 மைக்ரான் ஊசி வேணும். பின்னாடி வந்த எல்பி தட்டுக்கு போடுற 25 மைக்ரான் ஊசியையே வெச்சா அது பள்ளத்து அடியில போய் உக்காந்துக்கிட்டு அங்க இருக்கிற அழுக்கைத்தான் கேக்க வைக்கும், நாம "தட்டு மோசம்பா"ன்னு பழியை தட்டு மேல போட்டுடுவோம். தேஞ்ச தட்டா இருந்தா ஊசி சைஸை கொஞ்சம் மாத்தி மாத்தி போட்டுப் பாருங்க, சுவர்ல தேயாத இடம் எங்கயாவது மாட்டும். ஷெல்லாக் (அரக்கு) தட்டை ஆல்கஹால் போட்டு மட்டும் துடைச்சிடாதீங்க, கரைஞ்சிடும்.

அடுத்தது வேகம். லேபிள்ல 78னு போட்டிருந்தா 78லதான் ரெக்கார்ட் பண்ணாங்கன்னு எந்த கட்டாயமும் இல்ல. சுமார் 6% வேகமா ஓடிட்டா சுருதி அரைக்கட்டை ஏறிடும். எனக்கு ஒரு தட்டு சின்னப் பொண்ணு பாடின மாதிரியே கேட்டுச்சு, அதே வருஷம் அவங்க பாடின வேற பாட்டோட வெச்சுப் பார்த்து 4% இறக்கினேன், அவங்க குரல் அப்படியே வந்துடுச்சு. டேப்னா பின்னாடி மெல்லிசா கேக்கிற கரன்ட் ஹம்மை பாருங்க, 50 ஹெர்ட்ஸ்ல இருக்க வேண்டியது 52ல இருந்தா டேப் வேகமா ஓடுது (உங்க வயரிங்ல வர்ற ஹம் இல்லையான்னு ஒரு தடவை செக் பண்ணிக்குங்க). ஹம்மை எடுத்த உடனே துடைச்சிட்டா அந்த சாட்சியும் போச்சு.

அதனாலதான் சொல்றேன், 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் தரத்துல எடுத்த காப்பி ஒண்ணை கை வைக்காம அப்படியே வெச்சுடணும். நான் முதல்முதலா சுத்தம் பண்ண பாட்டை பெருமையா ஒருத்தருக்கு போட்டுக் காட்டினேன், அவரு "பாடகிக்கு பல் விழுந்துடுச்சா"ன்னு கேட்டாரு. "ஸ" வர்ற இடமெல்லாம் மழுங்கிப் போயிருந்துச்சு, ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி அவங்க இழுத்த மூச்சையும் காணோம். இரைச்சலும் மூச்சும் ஒரே அலைவரிசையிலதானே கிடக்கு, ஒண்ணை எடுத்தா இன்னொண்ணும் கூடவே போகும்.

1954 வாக்குல ரியா கர்வ் (தட்டு வெட்டும்போது பாஸ், ட்ரெபிளை எவ்வளவு மாத்தணும்னு எல்லாருக்கும் பொதுவா வந்த அளவு) வர்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு கம்பெனியும் பாஸ், ட்ரெபிளை அவங்கவங்க இஷ்டத்துக்கு வெட்டினாங்க, அதனால எல்லாத்துக்கும் ஒரே செட்டிங் வேண்டாம். மோனோவை போலி ஸ்டீரியோ ஆக்குறதை பத்தி பேசவே வேண்டாம்.

டேப்பை லேசா சூடு பண்ணி காப்பாத்தலாம்னு எங்கயோ படிச்சுட்டு வந்துடுவாங்க. அது 70, 80கள்ல வந்த, ஈரம் இழுத்து ஒட்டிக்கிற பாலியெஸ்டர் டேப்புக்கு. 50கள் டேப் பெரும்பாலும் அசிடேட், அதை சூடு பண்ணா தொலைஞ்சுது, வினிகர் வாசனை வந்தா அது சிதைய ஆரம்பிச்சுடுச்சுன்னு அர்த்தம், உடனே எடுத்து காப்பி பண்ணுங்க. லாக்கர் தட்டுன்னா (ரெக்கார்ட் பண்ணும்போதே நேரா வெட்டுற மெத்துனு பூச்சு போட்ட தட்டு) இன்னும் மோசம், ஓட்ட ஓட்ட தேயும், அதனால "சும்மா கேட்டுப் பார்க்கலாம்"னு வைக்காதீங்க, ஊசி வைக்கிற முதல் தடவையே ரெக்கார்டிங் ஓடிட்டு இருக்கணும்.

உரிமை விஷயத்துல ஒலிப்பதிவு வேற, பாட்டு வேற, ரெண்டுக்கும் தனித்தனியா கேக்கணும். 1955ல வெளிவந்த தட்டுக்கு ஐரோப்பாவுல ஒலிப்பதிவு உரிமை முடிஞ்சு பல வருஷம் ஆச்சு, அமெரிக்காவுல 2065 கடைசி வரைக்கும் இருக்கு, இந்தியாவுல கணக்கு 60 வருஷம்.

கடைசியா, "இதுவரை வெளிவராதது"ன்னு அட்டையில அடிக்கறதுக்கு முன்னாடி தட்டோட உள்வட்டத்துல கீறியிருக்கிற மேட்ரிக்ஸ் நம்பரையும் (அந்தப் பதிவுக்கு கம்பெனி கொடுத்த அடையாள எண்) டேக் நம்பரையும் (எத்தனாவது தடவை பாடினது) பாருங்க, பாதி நேரம் அது வேற ஊர்ல பி சைடா வந்திருக்கும். நிஜமாவே வெளிவராத டேக்னா அவங்களே வேண்டாம்னு ஒதுக்கினதா இருக்கலாம், குடும்பத்துக்கிட்ட கேளுங்க. போட்டே ஆகணும்னா நல்ல டேக்குக்கு நடுவுல சொருகாம கடைசியில போட்டு, ரெண்டாவது டேக், பாதியில நின்னதுன்னு அப்படியே எழுதிடுங்க.