பறவை பாக்க வாகனத்தில போறீங்களா? இந்தப் பிழைகளை விடாதேங்கோ

நவம்பர் பிறந்தா காணும், வெள்ளவத்தை கொட்டாஞ்சேனைப் பக்கத்தில இருந்து வான் பிடிச்சு மன்னாருக்கு பூநாரை பாக்கப் போற ஆக்கள் இப்ப கூடிட்டினம், அவ்வளவு தூரம் ஏலாட்டி வேற பறவைகள் பாக்க தெற்கில புந்தல பார்க், அதுவும் இல்லாட்டி கிட்டடியில தலங்கம குளம். போறது நல்ல விஷயம், பிள்ளைகள் கட்டாயம் பாக்கோணும். ஆனா வாகனத்தோட போய் நாங்கள் செய்யிற சில வேலையள் பறவைகளை என்ன பாடு படுத்துது எண்டு கனபேருக்கு விளங்குறதில்லை.

எல்லாத்திலயும் பெரிய பிழை இறங்குறதுதான். மெதுவா ஒரே சீராப் போற வாகனத்தை கன பறவைகள் கணக்கெடுக்காது, கதவு திறந்து ஒரு ஆள் காலை நிலத்தில வச்ச உடன எல்லாம் எழும்பிடும். அமெரிக்காவில புளோரிடா, சனிபெல் தீவில டிங் டார்லிங் எண்டு ஒரு சரணாலயம் இருக்கு, வாகனத்திலயே சுத்திப் பாக்க உள்ளுக்கு ஒரு ரோட்டும் இருக்கு. அங்க செய்து 1990களில வெளிவந்த ஆய்வுகளிலயும் இதைத்தான் கண்டவை, நடந்து கிட்டப் போறதுதான் நீர்ப்பறவைகளை கூடக் குழப்புது, அதிலயும் படம் எடுக்கிற ஆக்கள்தான் கூடக் கிட்டப் போகினம். அந்த ரோட்டை வெள்ளிக்கிழமைகளில மூடி விடுகினம், கிழமையில ஒரு நாளாவது அதுகள் நிம்மதியா இருக்கட்டும் எண்டு. அதால வாகனத்துக்குள்ளயே இருங்கோ, கொஞ்சம் தூரத்திலயே நிப்பாட்டி இஞ்சினை ஓஃப் பண்ணிட்டு கண்ணாடியை இறக்கிப் பாருங்கோ, பத்து நிமிஷத்தில அதுகள் தன்ர பாட்டில மேயத் தொடங்கும்.

அடுத்தது, "பறக்கேல்லைத்தானே, அப்ப பிரச்சினை இல்லை" எண்டு நினைக்கிறது. பறக்க முதலே கரைச்சல் தொடங்கிடும். பவளக்காலி உள்ளானை, அதுதான் தண்ணிக் கரையில மேயிற சிவப்புக் கால் பறவையை, உத்துப் பாருங்கோ, பயந்தா மேயிறதை விட்டுட்டு தலையை மேலயும் கீழயும் வெட்டி வெட்டி ஆட்டும். பூநாரை தலையைக் கவிழ்த்து தண்ணிக்குள்ள சொண்டை வச்சுத்தான் சாப்பிடும், கூட்டமா கழுத்தை நிமித்திக்கொண்டு நிக்குதெண்டா அந்த நேரம் சாப்பாடு இல்லை, நீங்கள் பின்னுக்கு எடுக்க வேண்டிய நேரம் அதுதான். வலசை வந்த உள்ளான்கள் மார்ச், ஏப்ரலில திரும்பி வடக்கே எவ்வளவோ ஆயிரம் கிலோமீட்டர் பறக்கிறது உடம்பில சேத்து வச்ச கொழுப்பிலதான், மேய விடாட்டி அது சேராது. இதெல்லாம் தெரிஞ்சும் பறக்கிற படம் வேணும் எண்டு ஹோர்ன் அடிச்சு, கல்லெறிஞ்சு எழுப்புற ஆக்களை நினைச்சா எனக்கு வயிறு எரியும். வங்காலைப் பக்கம் 2008இல சரணாலயமாக்கி 2010இல ராம்சார் எண்ட சர்வதேச ஈரநிலப் பட்டியலிலயும் சேர்ந்த இடம், மன்னார் ரோட்டுக்கு கிட்டவே இருக்கிறதால ஆரும் வண்டியை ஓரங்கட்டிட்டு இறங்கி ஓடலாம் எண்டில்லை.

ரோட்டை விட்டு விலத்தி ஓட்டாதேங்கோ. எதிர்ல ஜீப் வந்தா புல்லுக்குள்ள ஏத்துறது, சேறு காய்ஞ்ச வெட்டையில திருப்புறது எல்லாம் சின்ன விஷயமாத் தெரியும். ஆக்காட்டி அந்த வெட்டையிலதான் வெறும் நிலத்தில ஒரு சின்னப் பள்ளம் பறிச்சு முட்டை இடும், அனேகமா நாலு, கல்லும் மண்ணும் மாதிரியே புள்ளி புள்ளியா, சீற்றில இருந்து பாத்தா தெரியவே தெரியாது. சில்லு ஏறாட்டியும் வாகனம் பக்கத்தில நிண்டா தாய் எழும்பிப் போய் கத்திக்கொண்டே இருக்கும், மத்தியான வெயிலில முட்டை அவிஞ்சிடும். வெக்கை கூடினா தண்ணியில போய் வயித்து இறகை நனைச்சுக்கொண்டு வந்து முட்டையைக் குளிராக்கிற பறவை அது, அதை அண்டவிடாம நாங்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டு நிண்டா என்ன செய்யும்?

பின்னேரம் வேகமும் கவனம். பார்க் ஆறு மணிக்கு மூடுறதால கடைசி அரை மணித்தியாலம் எல்லாரும் கேற்றுக்குப் பறப்பினம், பொழுது பட்டதும் பக்கி எண்ட இராப் பறவை வந்து ரோட்டில குந்தும், லைட் வெளிச்சம் பட்டா கண் சிவப்பா மினுங்கும், கனதரம் எழும்பாது. அஞ்சுக்கே திரும்பத் தொடங்கினா ஓட வேண்டிய தேவையே இல்லை.

ஜீப் ட்ரைவரை மட்டும் பேசாதேங்கோ. "அண்ணா, இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட" எண்டு சொல்லி, கிட்டப் போனா கூட டிப்ஸ் குடுக்கிறது நாங்கள்தானே. ஏற முதலே சொல்லுங்கோ, மெதுவாப் போனாக் காணும், தூரத்தில நிப்பாட்டுங்கோ, ஏழெட்டு ஜீப் நிக்கிற இடத்துக்கு எங்களைக் கொண்டுபோக வேண்டாம் எண்டு. டிப்ஸை அதுக்குக் குடுங்கோ.