கோயிற் கல்வெட்டைப் படியெடுத்தல்: சாசனவியலுக்கு வருகிறவர் முதலில் பழகவேண்டிய வேலை

கல்வெட்டு, ஏடு போன்ற பழைய பொறிப்புகளை வாசித்து ஆராயும் சாசனவியலைத் தொழிலாக எடுக்க நினைக்கும் மாணவர் பலர் பழைய பிராமி எழுத்து அட்டவணையோடு தொடங்குகிறார்கள். அதற்கும் முன்னால் பழகவேண்டியது, ஒரு கல்லைப் பழுதாக்காமல் படியெடுக்கும் வேலை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் பழைய சாசனங்கள் மிகக் குறைவு. போர்த்துக்கேயர் காலத்தில் கோயில்கள் இடிக்கப்பட்டுக் கற்கள் சிதறின. சோழர் காலச் சாசனத் துண்டு ஒன்று யாழ்ப்பாணக் கோட்டைக்குள்ளேயே கிடைத்தது. தப்பியவை திருப்பணியில் தொலைகின்றன. எந்தக் கோயிலில் பாலஸ்தாபனம் (திருப்பணிக்காக மூர்த்தியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் கிரியை) நடக்கிறது என்பதைப் பத்திரிகையில் பார்த்து வையுங்கள். சுவர் சுரண்டப்படுவதும், படிக்கல் இடம்மாறுவதும், உபயகாரரின் பெயர் பொறித்த கல் சீமெந்துக்குள் போவதும் அந்த மாதங்களில்தான். நூறு வருடத்து உபயக் கல்லையும் விடவேண்டாம். ஊர்ப் பெயரும் குடிவழியும் அதில்தான் இருக்கும்.

கோயிலை நிர்வகிக்கும் ஆதீனகர்த்தாவிடமோ பரிபாலன சபையிடமோ எழுத்தில் அனுமதி எடுங்கள். ஐயரிடம் பூசை நேரம் கேட்டு அதற்கேற்ப வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். 1815 மார்ச் 2க்கு முந்தியது என்று கருதத்தக்க கல்லானால் தொல்பொருளியல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். புதிதாகக் கண்டதைத் திணைக்களத்துக்கு அறிவிப்பது சட்டக் கடமை.

தண்ணீர் தொடுவதற்கு முன் படம் எடுங்கள். கல்லின் பக்கத்தில் 10 செ.மீ. அளவுகோல் வைத்து, ரோச் லைற்றைக் கல்லோடு சாய்த்துப் பிடித்து, இடம், வலம், மேல், கீழ் என நான்கு திசையிலிருந்தும் ஒவ்வொரு படம். நேர் வெளிச்சத்தில் மறையும் கோடு சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுத்தி எழும்பும். முப்பரிமாணப் பதிவு செய்வதானால் அடுத்தடுத்த படங்கள் 60 முதல் 80 வீதம் ஒன்றன்மேல் ஒன்று படியவேண்டும். எழுத்து தெரியவேண்டும் என்று சோக்குக்கட்டி பூசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சோக்கு தடவும்போதே கை தான் நினைத்த எழுத்தை எழுதிவிடும். பிறகு படத்தில் தெரிவது கல்லின் எழுத்தல்ல, உங்கள் ஊகம்.

சுத்தம் செய்ய மென்மையான நைலோன் தூரிகையும் மழைத்தண்ணீரும் போதும். தீவுப் பகுதிக் கிணற்றுத் தண்ணீர் உவர். அதைச் சுண்ணக்கல்லிலோ முருகைக்கல்லிலோ ஊற்றினால் உப்பு துளைகளுக்குள் இறங்கி, காயும்போது பளிங்காகி, மேற்பரப்பைச் செதிலாகத் தள்ளும். கம்பித் தூரிகை, அசிட் இரண்டும் கூடவே கூடாது. எழுத்தின்மேல் பழைய பெயின்ற் இருந்தால் சுரண்டாமல் அப்படியே விட்டு, படத்தோடு நிறுத்துங்கள். பொரிந்து உதிரும் கல்லுக்கும் மைப்படி (ஈரத் தாளைக் கல்லில் ஒட்டி, மை ஒற்றி எடுக்கும் படி) வேண்டாம். தாளை உரிக்கும்போது எழுத்தும் கூடவே வந்துவிடும்.

உறுதியான கல்லானால் மைப்படி எடுக்கலாம். எழுத்துப் பரப்பைவிட நான்கு பக்கமும் 5 செ.மீ. கூடுதலாகத் தாளை வெட்டுங்கள். நார் நீண்ட, பசை குறைந்த தாள் நல்லது. நனைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றுக் குமிழ் வெளியேறும்படி ஒட்டி, அடர்ந்த மயிர்த் தூரிகையால் செங்குத்தாகத் தட்டுங்கள். தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கவேண்டும். இழுத்துத் தேய்த்தால் கிழியும். கிழிந்த இடத்தில் ஈரத் தாள்துண்டை வைத்துத் தட்டினால் ஒட்டிக்கொள்ளும்.

மை என்பது விளக்குக்கரியும் வேலம்பிசின் கரைசலும். பிசின் குறைந்தால் காய்ந்த பிறகும் மை கையில் ஒட்டும்; கூடினால் தாள் விறைத்து மடிப்பில் வெடிக்கும். பஞ்சு பொதிந்த துணிப்பந்தில் மையை எடுத்து, முதலில் ஒரு கழிவுத் தாளில் ஒற்றி, பிறகே கல்லில் ஒற்றுங்கள். மேடு கறுக்கும், எழுத்து வெள்ளையாக நிற்கும். கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தாள் நீர் சொட்டும் ஈரத்தில் இருந்தால் மை பரவிக் கல்லையும் கறையாக்கும். முழுக்கக் காய்ந்துவிட்டால் கழன்றுவிடும். தொட்டால் குளிர்ந்திருக்கவேண்டும், விரல் நனையக்கூடாது. வைகாசி முதல் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் விடியற்காலையில் முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் காற்று தாளைப் பிடுங்கிக்கொண்டு போகும். இரண்டு படி எடுத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் கோயில், கல் இருக்கும் இடம், திசை, திகதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள்.

வாசிக்கும்போது வரிக்கு வரி இலக்கமிட்டு, தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். ஐயமான எழுத்து சதுர அடைப்புக்குள் போகட்டும். இடைக்காலச் சாசனத்தில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவம். ஆகாரத்தைக் காட்டும் காலும் (ா) ரகரமும் ஒன்றுபோல நிற்கும். தமிழ் இலக்கத்தில் 15ஐக் குறிக்கும் ௰௫ என்பதை ‘யரு’ என்று எழுத்தாக வாசித்தால் பதினைந்தாம் ஆட்சியாண்டு காணாமற் போய்விடும்.

சொல்லும் ஏமாற்றும். நயினாதீவில் உள்ள பொலன்னறுவை அரசன் முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்ச் சாசனம் ஊராத்துறைக்கு (இன்றைய ஊர்காவற்றுறை) வரும் பரதேசி வணிகரைப், அதாவது வெளிநாட்டு வணிகரைப், பற்றியது. ஆனை, குதிரை கொண்டுவந்த மரக்கலம் கெட்டால் (உடைந்து சேதமானால்) ‘நாலத்தொன்று’, அதாவது காற்பங்கு, அரச பண்டாரத்துக்கு. வாணிய மரக்கலம் கெட்டால் ‘செம்பாகம்’. செம்பாகம் என்றால் சரிபாதி. செம்பு உலோகத்தை நினைத்துக்கொண்டு வாசிக்கிறவருக்கு அந்தக் கட்டளை முழுவதும் குழம்பிப்போகும். இப்படிப்பட்ட சொற்களுக்குத் தனிக் கொப்பி ஒன்று வைத்திருங்கள்.

படிப்பு வழி நீண்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத்துறை இங்கிருந்தே தொடங்க வசதி. மேற்படிப்புக்குத் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் துறை உண்டு. கிரந்தம், வட்டெழுத்து ஆகிய பழைய எழுத்து வகைகளையும் பழகுங்கள். தமிழோடு நின்றால் இந்த மண்ணின் சாசனங்களே பாதி மூடிக்கிடக்கும்: 1936இல் கிடைத்த வல்லிபுரம் பொன்னேடு பிராமி எழுத்தில் பிராகிருத மொழியில் உள்ளது. சிங்களமும் சமஸ்கிருதமும் வாசிக்கத் தெரிந்திருக்கவேண்டும். முதல் வேலையாக உங்கள் ஊர்க் கோயிலின் மணி, விளக்கு, உபயக் கல் எல்லாவற்றிலும் உள்ள எழுத்துகளைப் பட்டியலிடுங்கள். உலோகத்துக்கு மை வேண்டாம், படம் போதும். பட்டியலில் ஒரு பிரதியைக் கோயிலுக்கே கொடுங்கள். அடுத்த திருப்பணியில் எந்தக் கல்லைத் தொடக்கூடாது என்று சபையினர் அதைப் பார்த்துத்தான் மேசனுக்குச் சொல்லமுடியும்.