செடி வெச்ச மீன் தொட்டிக்கு எந்த பல்ப் வாங்குற? புதுசா தொடங்குற ஆக்களுக்கு

மீன் தொட்டிக்குள்ள செடி வளக்க ஆசைப்படுற கனபேர் முதல்ல கேக்குறது "எத்தின வாட்ஸ் பல்ப் போடணும்?" எண்டுதான். அது பழைய டியூப் லைட் காலத்துக் கணக்கு, எல்ஈடிக்குச் சரிவராது. பல்ப் எவ்வளவு கரண்ட் இழுக்குது எண்டுதான் வாட்ஸ் சொல்லும், எவ்வளவு வெளிச்சம் தருது எண்டத லூமன்தான் சொல்லும். இன்னொண்டும் முதல்லயே சொல்லிடுறன், தொடங்குற ஆக்களுக்கு விலை கூடின அக்வாரியம் லைட் தேவையே இல்ல, மட்டக்களப்பு டவுன்லயோ கல்முனையிலயோ எந்த எலக்ட்ரிக் கடையிலயும் கிடைக்கிற வீட்டு எல்ஈடி பல்ப்பே போதும், பாத்து எடுக்கத் தெரிஞ்சாச் சரி.

1. முதல்ல செடிய முடிவெடுங்க

பல்ப் வாங்கிட்டு செடி தேடாதீங்க, செடியப் பாத்துத்தான் பல்ப். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், ஜாவா மொஸ், கிரிப்டோகோரைன் இதெல்லாம் குறைஞ்ச வெளிச்சத்துல வளர்ற சாதி. அதிலயும் கிரிப்டோகோரைன்ல வென்டியை, பெக்கெட்டியை மாதிரி வகையெல்லாம் நம்ம இலங்கைக்கே சொந்தமான செடி, ஓடைகள்ல மர நிழலுக்குக் கீழ வளர்றது, அதால அதுக்கு மேல கண்ணக் கூசுற லைட்டப் புடிச்சா செடிக்கு ஒரு லாபமும் இல்ல, பாசிக்குத்தான் விருந்து. நல்ல சிவப்பு நிறச் செடியும் தரையில புல்லு மாதிரி படர்ற கார்பெட் செடியும் கூட வெளிச்சம் கேக்கும், ஆனா வெளிச்சத்தோட கார்பன் டைஒக்சைட்டும் உரமும் சேத்துக் குடுக்கணும். அது இப்போதைக்கு வேணாம்.

2. தொட்டி எத்தின லீட்டர்?

நீளம், அகலம், உயரம் மூண்டையும் சென்டிமீட்டர்ல அளந்து பெருக்கி ஆயிரத்தால பிரிங்க, லீட்டர் வரும். சாதாரண 2 அடித் தொட்டி 60, 30, 30 எண்டு வெச்சா 54 லீட்டர், கல்லும் மேல விடுற இடைவெளியும் போக தண்ணி ஒரு 45 லீட்டர் நிக்கும். நான் மேல சொன்ன குறைஞ்ச வெளிச்சச் செடிகளுக்கு லீட்டருக்கு 15 இல்லாட்டி 20 லூமன் எண்டது நல்ல கைக்கணக்கு. 45ஐ 20ஆல பெருக்கினா 900 லூமன். நல்ல 9 வாட்ஸ் எல்ஈடி பல்ப் ஒண்டு கிட்டத்தட்ட அவ்வளவு தரும், அவ்வளவுதான் விசயம். தொட்டி ஒண்டரை அடிக்கு மேல ஆழம் எண்டா அடிக்குப் போற வெளிச்சம் குறையும், அப்ப கொஞ்சம் கூட்டிக் கணக்குப் போடுங்க.

3. பெட்டியத் திருப்பி வாசிங்க

கடையில பல்ப்ப ஏத்திக் காட்டச் சொல்லி கண்ணால பாத்து எடுக்கிறது சரிவராது, எல்லாமே பளிச்செண்டுதான் தெரியும். பெட்டிட பின்பக்கம் சின்ன எழுத்துல மூண்டு விசயம் இருக்கும், அதப் பாருங்க.

லூமன் எவ்வளவு எண்டு முதல்ல. அது போடாத பெட்டிய வெச்சிட்டு வேற எடுங்க.

அடுத்தது கெல்வின், வெளிச்சத்துட நிறம். 2700, 3000 எண்டா மஞ்சள், 6500 எண்டா வெள்ளை, நம்ம கடைகள்ல டேலைட் எண்டு கேட்டா இதத்தான் தருவாங்க. 5000க்கும் 7000க்கும் இடையில எதுவும் ஓகே. மஞ்சள் பல்ப்லயும் செடி வளரும், அதுல சந்தேகமில்ல, ஆனா தண்ணி தேத்தண்ணி நிறத்துல தெரியும், பாக்க நல்லா இராது. 10000க்கு மேல போற நீல லைட் கடல் பவளம் வளக்கிற ஆக்களுக்கு. ஊதா நிறத்துல எரியிற செடி லைட் எண்டு ஒண்டும் விக்கிறாங்க, செடிக்குப் பரவால்ல, ஆனா அதுக்குக் கீழ பச்சை இலையெல்லாம் கறுப்பாத் தெரியும், ஹோலுக்குள்ள அத வெச்சி யாரு பாக்குற?

மூண்டாவது சிஆர்ஐ, அதாவது நிறங்கள் எவ்வளவு உண்மையாத் தெரியும் எண்ட அளவு. 80 போதும், 90 கிடைச்சா மீன்ட சிவப்பும் இலைட பச்சையும் அப்பிடியே எடுப்பாத் தெரியும்.

4. மாட்டுறது எப்பிடி

இதுலதான் கனபேர் அவசரப்படுற. 2 அடித் தொட்டிக்கு நடுவுல ஒரு பல்ப்ப மட்டும் தொங்கவிட்டா ரெண்டு மூலையும் இருட்டாக் கிடக்கும், செடி எல்லாம் நடுப்பக்கம் சாஞ்சு வளரும். ஒரு 9 வாட்ஸுக்குப் பதிலா 5 வாட்ஸ் ரெண்டு எடுத்து, தள்ளித் தள்ளி மாட்டினா வெளிச்சம் சமனா விழும். பல்ப்புக்கு மேல உள்பக்கம் வெள்ளையான ஷேட் ஒண்டு கட்டாயம் வேணும், இல்லாட்டி பாதி வெளிச்சம் சுவருக்கும் முகட்டுக்கும் போயிடும். 4 அடித் தொட்டிக்கு 4 அடி எல்ஈடி டியூப் நல்லாப் பொருந்தும்.

கல்லடி, காத்தான்குடி, கல்முனை மாதிரி கடற்கரைப் பக்கம் இருக்கிற ஆக்கள் இதக் கவனிங்க. உப்புக் காத்தும் தொட்டி ஈரமும் சேந்தா ஹோல்டருக்குள்ள இருக்கிற பித்தளை பின் கெதியா பச்சை புடிச்சிரும், பிறகு லைட் மினுங்கி மினுங்கி எரியும். அதுக்கு நல்ல வழி, வெளியில மாட்டுற 10 வாட்ஸ் ஃப்ளட் லைட். ஐபி 65 போட்டது எண்டா தூசியும் தண்ணித் தெறிப்பும் உள்ள போகாது, ஒரே பக்கமா கீழ நோக்கி எரியும், ஷேட்டும் தேவையில்ல. எனக்கு இதுதான் ஆகப் புடிச்சது.

எத மாட்டினாலும் தொட்டிக்கு மேல ஒரு கண்ணாடி மூடி போடுங்க. வயர் பிளக்குக்கு வர முதல் பிளக்க விடக் கீழ தொங்கி வளைஞ்சு மேல ஏறணும், அப்பதான் வயர்ல வழியிற தண்ணி அந்த வளைவுலயே சொட்டும், பிளக்குக்குள்ள போகாது. கைய தண்ணிக்குள்ள விட முதல் பிளக்கக் கழட்டுங்க. வீட்டு ட்ரிப் சுவிட்ச்சுல இருக்கிற டெஸ்ட் பட்டன அமத்தி அது விழுதா எண்டும் பாருங்க, சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு எண்டா இதுல விளையாட்டே வேணாம்.

5. எத்தின மணித்தியாலம்

ஒரு நாளைக்கு 6 மணித்தியாலத்துல தொடங்குங்க. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்துக்கு எரிஞ்சு ஒரே நேரத்துக்கு அணையணும், அதுக்கு ஒரு டைமர் வாங்குங்க, பல்ப்ப விட டைமர் முக்கியம் எண்டு கூட சொல்லுவன். சுத்துற டைமர் எண்டா கரண்ட் போனா அதுவும் நிண்டுரும், கரண்ட் வந்த பிறகு நேரத்தத் திருத்தி வைங்க.

பின்னேரம் 4 மணிக்கு ஏத்தி ராவு 10க்கு அணைச்சா நம்ம ஊருக்குத் தோது. கச்சான் காத்து அடிக்கிற காலத்துல பகல்ல தண்ணி தானாவே சுடும், அந்த நேரத்துல லைட் சூட்டையும் சேக்கத் தேவையில்ல, நீங்களும் வேலையால வந்து இருந்து பாக்கலாம். ஜன்னல் வெயில் நேரா விழுற இடத்துல தொட்டிய வெச்சா மேல சொன்ன கணக்கெல்லாம் பிழைச்சிரும்.

6. பிறகு செடியப் பாருங்க

புதுத் தொட்டியில முதல் கிழமைகள்ல கண்ணாடியிலயும் இலையிலயும் மண்ணிறமா ஒரு படை வரும், அது தானாப் போயிரும், துடைச்சி விடுங்க. கிரிப்டோகோரைன் புதுசா நட்டா இலை கண்ணாடி மாதிரி வெளிறி கரைஞ்சு விழும். உடனே லைட் காணாது எண்டு பெரிய பல்ப் வாங்க ஓடாதீங்க, இடம் மாறினா அது அப்பிடித்தான் செய்யும், வேர் நல்லா இருந்தா நடுவுல இருந்து புது இலை சுருண்டபடி எட்டிப் பாக்கும். அழுகின இலைய மட்டும் வெட்டி எடுங்க, செடியப் புடுங்கிப் புடுங்கிப் பாக்காதீங்க.

தண்டு நீண்டு கணுவுக்குக் கணு தூரமா, இலை சின்னனா வளந்தா வெளிச்சம் காணாது. அப்ப அரை மணித்தியாலம் கூட்டி ரெண்டு கிழமை விட்டுப் பாருங்க, 8 மணித்தியாலத்துக்கு மேல போகாதீங்க, அதுக்கும் சரிவராட்டித்தான் லூமன் கூடின பல்ப். கண்ணாடியில பச்சைப் பாசி கெதி கெதியா ஏறினா வெளிச்சம் கூட, ஒரு மணித்தியாலம் குறைங்க, மீனுக்குப் போடுற சாப்பாட்டையும் குறைங்க. ஒரே கிழமையில வெளிச்சத்தக் கூட்டியும் குறைச்சும் கொண்டிருந்தா எது வேல செஞ்சது எண்டு தெரியாமப் போயிரும், அதால ஒரு நேரத்துல ஒரு பக்கம் மட்டும் போங்க, கூட்டுறது எண்டா கூட்டுறது, குறைக்கிறது எண்டா குறைக்கிறது.