குமரி மாவட்டத்தில் 300 சிசி ஸ்போர்ட்ஸ் பைக் எடுக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

முழு ஃபேரிங் (வண்டியைப் போர்த்தும் பிளாஸ்டிக் மூடி) போட்ட 300 சிசி வண்டியை நம்ம ஊரில் பார்ப்பதே ஒரு காலத்தில் அபூர்வம். இன்று நாகர்கோவில் செட்டிக்குளத்திலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் டிஎன் 74, டிஎன் 75 நம்பரோடு சாதாரணமாக நிற்கிறது. இந்த மாற்றத்தில் ஓசூருக்குப் பெரிய பங்கு உண்டு. 2017 டிசம்பரில் டிவிஎஸ் அங்கிருந்து அப்பாச்சி ஆர்ஆர் 310 வண்டியை 2.05 லட்சம் ரூபாய் ஷோரூம் விலைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே கவாசாகி நிஞ்சா 300, கேடிஎம் ஆர்சி 390 எல்லாம் சந்தையில் இருந்தன. 2023 டிசம்பரில் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் தயாராகும் ஏப்ரிலியா ஆர்எஸ் 457 வண்டி 4.10 லட்சத்துக்கும், இறக்குமதியான யமஹா ஆர்3 வண்டி 4.65 லட்சத்துக்கும் அறிமுகமாயின. பந்தய வண்டியின் தோற்றமும் நாலு வழிச்சாலையில் நிம்மதியாக 100ஐத் தொடும் எஞ்சினும் ஒரு சாதாரண சம்பளக்காரனின் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டன.

இந்த ஆசையில் தப்பே இல்லை. எனக்கும் இந்த வகை வண்டிகள் உயிர். ஆசையாக எடுத்த வண்டியை ஆறே மாதத்தில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடும் பிள்ளைகளைப் பார்க்கும்போதுதான் மனசு கேட்கவில்லை. பெரும்பாலும் வண்டியில் குறை இருக்காது. ஷோரூமில் நின்றபோது கேட்டிருக்க வேண்டிய சில கேள்விகளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

350 என்ற கோட்டைக் கவனிக்காமல் விடுவது

"இன்னும் கொஞ்சம் போட்டா 390 எடுத்துடலாமே" என்று கடைசி நேரத்தில் மனம் மாறுவது வழக்கமாக நடப்பது. அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள இருசக்கர வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40 சதவீதம். முன்பு இந்த இரண்டுக்கும் இடையே வெறும் 3 சதவீதம்தான் வித்தியாசம் இருந்தது (28, 31). வரிக்கு முன் 3 லட்சம் விலையுள்ள ஒரு வண்டி கோட்டுக்கு இந்தப் பக்கம் 3.54 லட்சம், அந்தப் பக்கம் 4.20 லட்சம். வரியில் மட்டும் 66,000 ரூபாய் வித்தியாசம்.

அது அங்கேயே நிற்காது. தமிழ்நாட்டில் 1 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புது பைக்குக்கு ஆயுள் வரி 2023 நவம்பர் முதல் 12 சதவீதம். வண்டி விலை ஏறினால் அதுவும் கூடவே ஏறும். மூன்றாம் நபர் காப்பீட்டிலும் இதே கோடு இருக்கிறது. 2022 ஜூனில் அறிவித்த கட்டணப்படி, புது வண்டிக்குக் கட்டாயமான 5 வருட பிரீமியம் 150 முதல் 350 சிசி வரை 7,365 ரூபாய், 350க்கு மேல் 15,117 ரூபாய். ஆக ஆர்ஆர் 310, ஆர்3, நிஞ்சா 300 ஒரு பக்கம். ஆர்சி 390, ஆர்எஸ் 457 மறுபக்கம். மறுபக்கத்து வண்டிகள் மோசம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆர்எஸ் 457ன் இரட்டை சிலிண்டர் எஞ்சின் அருமையான எஞ்சின். ஆனால் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு எஞ்சினுக்குப் போகிறது, எவ்வளவு வரிக்குப் போகிறது என்று தெரிந்துகொண்டு கொடுங்கள்.

மாதத் தவணையை மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவது

பணம் அதிகம் கரைவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2.5 லட்சம் கடன், 4 வருடம், வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கட்டக் கட்ட அசல் குறைந்து, மீதி அசலுக்கு மட்டும் வட்டி போட்டால் தவணை ஏறக்குறைய 6,460 ரூபாய் வரும். அதே 11 சதவீதத்தை 'ஃப்ளாட்' வட்டியாகப் போட்டால், கடைசி மாதம் வரை முழு 2.5 லட்சத்துக்கும் வட்டி ஓடும். தவணை 7,500 ரூபாய். மாதம் ஆயிரம்தானே என்று தோன்றும். 48 மாதத்தைக் கூட்டினால் ஏறக்குறைய 50,000 ரூபாய். ஒரு நல்ல ஹெல்மெட், ரைடிங் ஜாக்கெட், கையுறை, முதல் செட் டயர் எல்லாம் அந்தக் காசிலேயே வந்துவிடும்.

பைனான்ஸ்காரரிடம் "வட்டி எத்தனை?" என்று மட்டும் கேட்காதீர்கள். "ஃப்ளாட்டா, குறையும் வட்டியா?" என்று கேளுங்கள். மொத்தமாக எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பிராசசிங் கட்டணம், முன்கூட்டியே அடைத்தால் அபராதம், இந்த இரண்டும் அதே தாளில் இருக்கட்டும். வீட்டு நகையை அடகு வைத்து முன்பணம் கட்டும் வழக்கமும் நம்மிடம் உண்டு. வண்டித் தவணையும் நகை வட்டியும் ஒரே மாதத்தில் வந்து நிற்கும் என்பதை வீட்டில் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசிவிட்டு எடுங்கள்.

தவணைக்கு மேல் ஓட்டும் செலவு. இந்த வகை வண்டிகள் லிட்டருக்கு 25 முதல் 30 கிலோமீட்டர்தான் தரும். குலசேகரத்திலிருந்து தினமும் நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய்வருகிறவர் முதலில் அந்தக் கணக்கைப் போடட்டும்.

பவரை மட்டும் பார்ப்பது

நிஞ்சா 300 வண்டிக்கு 39 பிஎஸ் (எஞ்சின் சக்தியின் அளவு). அந்த முழுச் சக்தியும் கிடைப்பது எஞ்சின் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும்போது. தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே பஸ், ஆட்டோ, டெம்போ, பள்ளிக்கூட வேன் எல்லாவற்றுக்கும் பின்னால் மூன்றாம் கியரில் போகும்போது அதில் பாதிச் சுற்றைக்கூட நீங்கள் தொட மாட்டீர்கள். நமக்குத் தினசரி தேவைப்படுவது 3,000, 4,000 சுற்றில் வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்பது. குதிக்கிறதா, இழுக்கிறதா, கிளட்ச் கை வலிக்கிறதா? ஒற்றை சிலிண்டர் வண்டிகள் சில, குறைந்த சுற்றில் உதறும். இரட்டை சிலிண்டர் மிருதுவாகப் போகும், ஆனால் பராமரிப்புச் செலவு கூடும்.

2020ல் வந்த ஆர்ஆர் 310 வண்டியில் மழை மோடும் நகர மோடும் வைத்தார்கள். அவற்றில் சக்தியை 34லிருந்து சுமார் 26 பிஎஸ்ஸாகக் குறைத்தார்கள். நம் மாவட்டச் சாலைகளுக்கு அந்த 26 தாராளமாகப் போதும். முதல் ஆறு மாதம் அதிலேயே ஓட்டிப் பழகுகிறவர்களை நான் மனமார மதிக்கிறேன்.

டெஸ்ட் ரைடு கேட்டால் ஷோரூமுக்கு முன்னால் ஒரு யு-டர்ன் போட்டுவிட்டுத் திரும்பச் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். நெரிசல் நேரத்தில் அரை மணி நேரம் கேளுங்கள். ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கி, சூடான காற்று முட்டிக்கு மேல் அடிக்கும் வரை ஓட்டினால்தான் அந்த வண்டி யாரென்று தெரியும்.

பின்சீட்டில் உட்காரப் போகிறவரைக் கேட்காமல் எடுப்பது

தக்கலையில் ஒரு வீட்டு முற்றத்தில் பார்த்தது. பூஜை போட்ட புது வண்டி, மகன் ஸ்டார்ட் செய்துவிட்டுக் காத்திருக்கிறான். அம்மா சேலையைச் செருகிக்கொண்டு வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பின்சீட்டு அவர் இடுப்புக்கு மேலே இருந்தது, கைப்பிடி இல்லை, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மெத்தை. "மக்களே, இதுல எங்க பிடிச்சிட்டு இருக்கது?" என்று கேட்டார். மகனிடம் பதில் இல்லை. கோயிலுக்கு அன்று ஆட்டோதான் வந்தது.

வீட்டில் ஒரே வண்டி என்றால் இது சின்ன விஷயம் இல்லை. பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும் கால் வைக்கும் இடமும், பின்சக்கரத்தில் துணி சிக்காதபடி மறைப்பும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. அழகு கெடுகிறதென்று சேலைக் கார்டைக் கழற்றி வீட்டில் போடுகிறவர்கள் அந்தத் துணி யாருடையதாக இருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே ஒரு ஸ்கூட்டர் இருந்தால் நீங்கள் தைரியமாக ஸ்போர்ட்ஸ் வண்டி எடுக்கலாம்.

உங்கள் உயரத்தையும் பாருங்கள். ஆர்3 சீட் உயரம் 780 மில்லிமீட்டர், ஆர்எஸ் 457 வண்டிக்கு 800, ஆர்ஆர் 310 வண்டிக்கு 810, 2022 முதல் வந்த ஆர்சி 390 வண்டிக்கு 824. தாளில் சிறிய வித்தியாசம். தார் ஓரத்துப் பள்ளத்தில் கால் ஊன்றும்போது அதுதான் வண்டி நிற்குமா விழுமா என்பதைத் தீர்மானிக்கும்.

காப்பீட்டில் மிச்சம் பிடிப்பது

நின்ற இடத்தில் சாய்ந்தாலே ஃபேரிங் கீறும், கொக்கி உடையும். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானமாக 50 சதவீதம் கழிப்பார்கள். பாதிக் காசு உங்கள் கையிலிருந்து. முழுக்க பிளாஸ்டிக் போர்த்திய வண்டிக்கு ஜீரோ டெப்ரிசியேஷன் (இந்தத் தேய்மானத்தைக் கழிக்காத காப்பீடு) போடாமல் விடுவது பெரிய தவறு. பிரீமியத்தைக் குறைக்க வண்டி மதிப்பைக் குறைத்துப் போடுவதும் அப்படியே. வண்டி திருடு போனால் அந்தக் குறைந்த தொகைதான் கிடைக்கும். ஃபிரேம் ஸ்லைடர் (விழுந்தால் தரையில் முதலில் உரசி வண்டியைக் காக்கும் கட்டை) ஒரு ஜோடி மாட்டுங்கள். சைலன்சரை மாற்றாதீர்கள், போலீஸ் அபராதம் ஒரு பக்கம், விபத்து நேரத்தில் காப்பீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி இன்னொரு பக்கம்.

பதினெட்டு ஆகாத பிள்ளை கையில் சாவி போனால், பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 வருடம் வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது.

ஊரின் காற்றையும் உப்பையும் மறப்பது

குமரி மாவட்டத்துக்கு என்று சில பாடங்கள் உண்டு, அவை எந்த ரிவ்யூ வீடியோவிலும் வராது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காலம் முழுக்க அடிக்கும் காற்று முப்பந்தலில் நூற்றுக்கணக்கான காற்றாலைகளைச் சுற்றவைக்கிறது. உங்கள் வண்டியையும் அது சும்மா விடாது. முழு ஃபேரிங் வண்டிக்குப் பக்கவாட்டில் காற்று பிடிக்கப் பரப்பு அதிகம். லாரியைத் தாண்டி வெளியே வந்த நொடியில் ஒரு தள்ளு வரும். பயந்து ஹாண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் கூடும். முட்டிகளால் டேங்கை அணைத்து, கைகளைத் தளர்த்தி, வேகத்தைக் குறையுங்கள். அந்த இடத்தில் லாரியை ஓவர்டேக் செய்யாமல் இருப்பதே நல்லது.

முட்டம், குளச்சல் பக்கம் கடலோரச் சாலை வளைவுகளில் மணல் பரவிக் கிடக்கும். திற்பரப்பு, பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்ட நிழலில் சாலை ஓரம் காயாது, பாசி பிடிக்கும். இலையுதிர் காலத்தில் ரப்பர் சருகு வேறு. ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும், இல்லாத பிடிமானத்தை அது உண்டாக்காது. வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்துக்கொள்ளுங்கள்.

கடலோரத்தில் குடியிருந்தால் உப்புக்காற்றுக்கும் ஒரு கணக்கு வேண்டும். செயின், டிஸ்க் போல்ட், முன் ஃபோர்க்கின் பளபளக்கும் குழாய், ரேடியேட்டர் வலை ஆகியவற்றை முதலில் தின்னும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். செயினுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழையில் நனைந்தால் உடனே, செயின் லூப் (மசகு) அடியுங்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது, சர்வீஸ் தேதி வரும்வரை செயின் காத்திருக்காது.

சர்வீஸ் எங்கே என்று கேட்காமல் முன்பதிவு செய்வது

வண்டி விற்கும் இடம் பக்கத்தில் இருக்கலாம். அந்த எஞ்சினைத் திறக்கத் தெரிந்த ஆளும் உதிரிபாகமும் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். நாகர்கோவிலில் இல்லை என்றால் திருவனந்தபுரம் ஏறக்குறைய 70 கிலோமீட்டர், திருநெல்வேலி ஏறக்குறைய 80. ஒவ்வொரு சர்வீசுக்கும் ஒரு நாள் லீவு. ஒரு பக்கக் கண்ணாடி, ஒரு கிளட்ச் லிவர், ஒரு ஃபேரிங் துண்டு, இந்த மூன்றின் விலையையும் எத்தனை நாளில் வரும் என்பதையும் முன்பதிவுக்கு முன்பே கேட்டால் பாதிக் கதை தெரிந்துவிடும்.

பழைய வண்டியைப் பளபளப்பைப் பார்த்து வாங்குவது

பட்ஜெட் குறைவு என்றால் இரண்டாம் கை வண்டி நல்ல வழி. ஆனால் ஃபேரிங்கைப் பார்க்காதீர்கள், அது மாற்றக்கூடியது. ஹாண்டில்பார் முனை, லிவர் நுனி, ஃபுட்ரெஸ்ட் ஓரம், எஞ்சின் மூடி இவற்றில் ஒரே பக்கமாகக் கீறல் இருந்தால் வண்டி அந்தப் பக்கம் விழுந்திருக்கிறது. ஹாண்டிலை இருபுறமும் முழுதாகத் திருப்பி, ஸ்டியரிங் முட்டும் இடத்தைக் குனிந்து பாருங்கள். அங்கே நசுங்கியிருந்தால் முன்பக்கமாக மோதிய வண்டி. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரள நம்பர் வண்டி மலிவாகத் தெரியும். வேறு மாநிலத்து வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் பதிவை மாற்றியாக வேண்டும். அதற்கு அங்கிருந்து தடையில்லாச் சான்று வேண்டும், இங்கே வரி கட்ட வேண்டும். அதையும் விலையோடு கூட்டிவிட்டுப் பேரம் பேசுங்கள். அரசின் பரிவாகன் இணையதளத்தில் நம்பரைப் போட்டு நிலுவை அபராதம் இருக்கிறதா, கடன் இன்னும் பதிவில் நிற்கிறதா என்று பாருங்கள். கடன் இருந்தால் பைனான்ஸ் நிறுவனம் கையெழுத்துப் போட்ட படிவம் 35ம் (பதிவிலிருந்து கடனை நீக்கும் படிவம்) பாக்கியில்லாச் சான்றும் கைக்கு வந்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.