தலைச்சுற்றலுக்கான உள்காதுப் பரிசோதனைக்குத் தயாராவது எப்படி?

தலைச்சுற்றலுக்காகக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்வோரில் சிலருக்கு, கண்ணசைவை வீடியோவில் பதியும் ‘விஎன்ஜி’ (வீடியோநிஸ்டாக்மோகிராபி) என்னும் பரிசோதனை எழுதித் தரப்படுகிறது. காதில் கோளாறு என்று சொல்லிவிட்டுக் கண்ணைப் படம்பிடிப்பது பலருக்குப் புதிராக இருக்கும். உள்காதிலுள்ள அரைவட்டக் குழல்கள் தலையின் சுழற்சியை உணர்ந்து, பார்வை குலையாதபடி கண்களை எதிர்த்திசையில் நகர்த்துவதால், நேரில் பார்க்க முடியாத அவற்றின் நிலையைக் கண்மணியின் அசைவே காட்டிக்கொடுக்கிறது. ஆனால், திடீர்ச் சுற்றலோடு பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி, இரட்டைப் பார்வை ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் பரிசோதனைக்குக் காத்திராமல் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும்.

தலைச்சுற்றலை அடக்கும் சின்னாரிசின், புரோகுளோர்பெரசின் போன்ற மாத்திரைகள் நாம் அளக்க விரும்பும் எதிர்வினையையே மந்தமாக்கிவிடும் என்பதால், அவற்றைப் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மதுவுக்கும் அதே விதிதான். இரத்த அழுத்தம், நீரிழிவு, வலிப்பு ஆகியவற்றுக்கான மருந்துகளையோ தூக்க மாத்திரையையோ மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. கண்மை வேண்டாம், கருமையைத் தேடும் கேமரா, மையிட்ட இமையையும் கண்மணி என்று எடுத்துக்கொள்ளும். குறைவாகச் சாப்பிட்டு, துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். காதில் குறும்பி அடைத்திருந்தாலும், செவிப்பறையில் துளை இருந்தாலும், கழுத்தெலும்பில் தேய்மானம் இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கண்ணாடி போன்ற கருவியை மாட்டி, நகரும் புள்ளியைப் பின்தொடரச் செய்வது எளிய பகுதி. அடுத்து, தலையை 45 பாகை ஒருபுறம் திருப்பி, உட்கார்ந்த நிலையிலிருந்து சட்டென்று படுக்க வைத்து, தலை கட்டில் விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்குமாறு பிடிப்பார்கள். சில விநாடிகள் கழித்துத் தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் சுற்றல் கண்ணசைவோடு வந்தால், இடம்பெயர்ந்த நுண்படிகங்கள் குழலுக்குள் புகுந்திருக்கக்கூடும். பல நேரங்களில் எப்லி முறையில் தலையைத் திருப்பி அவற்றை அங்கேயே வெளியேற்றிவிடலாம் என்பதால், பலன் மிகுந்த பகுதி இதுவே என்பேன்.

பலரும் அஞ்சுவது கலோரிக் சோதனைக்கு. கிடைமட்டக் குழல் செங்குத்தாக நிற்கும்படி தலையை 30 பாகை உயர்த்திப் படுக்க வைத்து, உடல் வெப்பத்தைவிட 7 பாகை குறைந்த 30 செல்சியஸ் நீரையும், அதே அளவு கூடிய 44 செல்சியஸ் நீரையும் ஒவ்வொரு காதிலும் தனித்தனியே அரை நிமிடம் அளவுக்குச் செலுத்துவார்கள். செவிப்பறையில் துளை இருந்தால் நீர் கூடாது. காது கழுவும்போது நீரின் வெப்பத்துக்கேற்பக் கண்ணசைவின் திசை மாறுவதை வியன்னாவில் கவனித்து ஆராய்ந்த ராபர்ட் பாரனிக்கு 1914ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நீர் செலுத்தியதும் தட்டாமாலை சுற்றி நின்றாற்போல் உலகம் சுழலும். கண்ணை மூடிவிடாதீர்கள், மூடினால் பதிவு கெடும். எண்களைக் கூட்டவோ ஊர்ப்பெயர்களைச் சொல்லவோ கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். மனம் விழிப்பாக இல்லாவிட்டால் கண்ணசைவு அடங்கிப்போகும். சுற்றல் ஓரிரு நிமிடங்களில் தணியும்.

இரு காதுகளின் எதிர்வினைக்கும் ஏறத்தாழ 25 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால், குறைந்த பக்கம் பலவீனமானதாகக் கருதப்படும். அன்று நீங்கள் வண்டி ஓட்ட வேண்டாம். கலோரிக் சோதனை முக்கியமாகக் கிடைமட்டக் குழலையே ஆராய்வதால், முடிவு இயல்பு என்று வந்தும் சுற்றல் தொடர்ந்தால், தலையைச் சட்டென்று சிறிது திருப்பி, இரு காதுகளின் ஆறு குழல்களையும் தனித்தனியே பார்க்கும் தலையுந்தல் சோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.