உப்புத் தண்ணியில் ஓ.ஆர்.எஸ். கலக்காதீர்கள்: கடலோர வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி வழியாக மூக்கையூர் வரை, கடலோர ஊர்களில் சத்துணவு பற்றிப் பேச வருகிறவர்கள் முட்டை, பருப்பு, கீரை என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். காரலும் சாளையும் நெத்திலியும் வீட்டு வாசலுக்கே வரும் ஊரில் புரதம் பெரிய சிக்கல் இல்லை. இங்கே தவறு அதிகம் நடப்பது தண்ணீரிலும் உப்பிலும்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தால், கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது முதல் தவறு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு அப்படியே இருக்கும். தண்ணீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட, மிச்சமுள்ள தண்ணீரில் கரிப்பு கூடத்தான் செய்யும். குடிநீரில் குளோரைடு (உப்பில் இருக்கும் ஒரு பொருள்) லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 1000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தரநிலை. அந்த 1000 மில்லிகிராமும் சமையல் உப்பிலிருந்து வந்ததாக வைத்துக்கொண்டால், லிட்டருக்கு ஒன்றரை கிராமுக்கு மேல் உப்பு. நாளைக்கு மூன்று லிட்டர் குடிப்பவருக்கு ஏறக்குறைய 5 கிராம் தண்ணீரிலேயே போய்விடும். ஒரு நாள் முழுக்கச் சாப்பாட்டில் சேரும் உப்பே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. இரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதை முதலில் கவனிக்க வேண்டும். நல்ல தண்ணி குறைவாகத்தான் கிடைக்கிறது என்றால் அதைக் குடிக்கவும் உலை வைக்கவும் ஒதுக்குங்கள். பாத்திரம் கழுவ, துவைக்க உப்புத் தண்ணி போதும்.

வயிற்றுப்போக்கு வரும்போது இந்த உப்புத் தண்ணியே ஆபத்தாக மாறும். ஓ.ஆர்.எஸ். என்பது பேதியில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டக் கரைத்துக் குடிக்கும் தூள். அதன் பெரிய பொட்டலம் (20.5 கிராம்) ஒரு லிட்டர் தண்ணீருக்கு அளவாகச் செய்தது. அதில் லிட்டருக்கு 75 மில்லிமோல் (மில்லிமோல் என்பது வேதியியல் அளவு) சோடியம், அதாவது உப்பின் இன்னொரு பகுதி, வரும்படி கணக்கு. மேலே சொன்ன 1000 மில்லிகிராம் குளோரைடு உள்ள தண்ணீரில் அதைக் கலந்தால் சோடியம் 100-ஐத் தாண்டிவிடும். ஏற்கெனவே உடம்பில் நீர் வற்றிக் கிடக்கும் பிள்ளைக்கு இரத்தத்தில் உப்பு ஏற இது ஒரு காரணம். ஆகவே ஓ.ஆர்.எஸ். கலக்க நல்ல தண்ணி மட்டும்தான். வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் ஒரு செம்பு கேட்டு வாங்கிக் கலக்குங்கள். கலந்ததை நாக்கில் வைத்துப் பார்த்தால் கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது.

அடுத்தது அளவு. பொட்டலத்தைப் பிரித்து, டம்ளருக்கு ஒரு ஸ்பூன் என்று போட்டு, மீதியை மடித்து வைப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். கடலோர ஈரக்காற்றில் பிரித்த பொட்டலம் கட்டிபிடித்துவிடும், ஸ்பூன் அளவும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை முழுக்க நிரப்பி, சுத்தமான பாத்திரத்தில் ஊற்றி, பொட்டலம் முழுவதையும் கொட்டிக் கலக்குங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் ஆனால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். கலந்த பிறகு கொதிக்க வைக்கக் கூடாது. சின்னப் பொட்டலம் (4 கிராம் சொச்சம்) 200 மில்லிக்கு உரியது. இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுவதும் நடக்கிறது, பின்பக்கம் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் பிரியுங்கள்.

ஒவ்வொரு முறை தண்ணியாகப் போன பிறகும், இரண்டு வயதுக்குள் என்றால் கால் முதல் அரை டம்ளர், அதற்கு மேல் பத்து வயது வரை அரை முதல் ஒரு டம்ளர். பிள்ளை வாந்தி எடுத்தால் நிறுத்திவிடாதீர்கள். பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று மெதுவாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கூடவே துத்தநாக (ஜிங்க்) மாத்திரை: ஆறு மாதத்துக்கு மேல் நாளைக்கு 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதம் வரை 10 மில்லிகிராம், 14 நாள். மூன்றாம் நாள் வயிறு சரியானதும் மாத்திரை அலமாரிக்குப் போய்விடுகிறது. 14 நாளும் கொடுத்தால்தான் அடுத்த சில மாதங்களில் திரும்ப வருவது குறையும். மலத்தில் இரத்தம், கண் குழி விழுதல், குடிக்க முடியாத அளவு சோர்வு இதில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், 108.

கடையில் அட்டைப்பெட்டியில் விற்கும் இனிப்புப் பானம் ஓ.ஆர்.எஸ். ஆகாது. அந்தப் பெயரைப் பானங்களின் மேல் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது அதற்காகத்தான். சர்க்கரை கூடினால் பேதியும் கூடும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. தாகத்துக்குக் குடிக்கலாம், ஓ.ஆர்.எஸ்.-க்கு மாற்றாக வேண்டாம்.

காசு கொடுத்து வாங்கும் ஆர்.ஓ. தண்ணீர் சுத்தமாக வரும். ஆனால் அதில் குளோரின் மிச்சம் இருக்காது. வாய் அகன்ற குடத்தில் ஊற்றி, கையோடு டம்ளரை விட்டு மொண்டால் அந்தக் கையில் இருப்பதெல்லாம் தண்ணீரில். நீளக் காம்புள்ள அகப்பை, அல்லது குழாய் வைத்த பாத்திரம் போதும். நாள்கணக்கில் தண்ணீர் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் டிரம்மை வாரம் ஒருமுறை காலி செய்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு கொசுவின் முட்டை சுவரில் ஒட்டி, தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெறுமனே அலசி ஊற்றினால் போகாது.

இனி உப்பு. "கடல் உப்புதானே, அயோடின் அதிலேயே இருக்கும்" என்று சொல்லி உப்பளத்துக் கல்லுப்பை மூட்டையாக வாங்கிப் போடுவது இந்தக் கரையோரப் பழக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் 35 கிராம் உப்பும் சுமார் 60 மைக்ரோகிராம் அயோடினும் இருக்கின்றன. அத்தனை அயோடினும் உப்பிலேயே தங்கிவிட்டாலும், 5 கிராம் உப்பில் 9 மைக்ரோகிராம் தேறாது. பெரியவருக்கு நாளைக்கு வேண்டியது 150, கர்ப்பிணிக்கு 250. தாயிடம் குறைந்தால் வயிற்றிலிருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சியில் அடி விழும். கடலில் அயோடின் அதிகமாகச் சேர்வது பாசியில். மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுக்கப் பெண்கள் மூச்சடக்கி முங்குகிறார்கள், ஆனால் அந்தப் பாசி தொழிற்சாலைக்குப் போகிறது, நம் சட்டிக்கு வருவதில்லை. வாலிநோக்கத்தில் அரசு உப்பு நிறுவனமே அயோடின் உப்பு தயாரிக்கிறது என்பது இதில் வேடிக்கை.

அயோடின் சேர்த்த கல்லுப்பும் கிடைக்கிறது. அதை வாங்கி, அழுக்கு போகட்டும் என்று கழுவினால், மேலே பூசியிருக்கும் அயோடினும் சேர்ந்து போய்விடும். மூடிபோட்ட டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். கொதி அடங்கும் நேரத்தில் உப்புப் போடுவது நல்லது. அயோடினுக்காக உப்பைக் கூட்ட வேண்டியதில்லை, அளவு அதே 5 கிராம்.

கருவாடு சமைக்கிற அன்று குழம்பில் உப்பே போட வேண்டாம். வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, இன்னொரு முறையும் அப்படியே செய்தால் உப்பு நன்றாக இறங்கும். கடித்தால் மணல் நறநறக்கும் கருவாடு வெறும் மணலில் காய்ந்தது. நாயும் கோழியும் நடந்த மணல் அது. வலைப்பந்தலில் காய்ந்ததைக் கேட்டு வாங்குங்கள்.

பச்சை மீனில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. சூரை, அயிலை, சாளை போன்றவை ஐஸ் இல்லாமல் வெயிலில் சில மணி நேரம் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். குழம்பை மூன்று தடவை சுண்ட வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, அரிப்பு, தலைவலி வரும். "மீன் ஒத்துக்கலை" என்று அந்த மீனையே ஒதுக்கிவிடுகிறார்கள். கெட்டது மீன் இல்லை, ஐஸ் போடாததுதான். மீன் எடைக்குச் சரியெடை உடைத்த ஐஸ், அடுக்கடுக்காக, உருகும் தண்ணீர் வடிந்து போகும்படி.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாப் புட்டு கொடுப்பது பழைய வழக்கம். எப்போதாவது என்றால் சரி. பெரிய சுறாக்களில் பாதரசம் சேரும் என்பதால் அடிக்கடி வேண்டாம். காரல், சாளை, முள்ளோடு மெல்லும் நெத்திலி இவை விலையும் குறைவு, சுண்ணாம்புச் சத்தும் கூடுதல். குழந்தைக்கு ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும், சித்திரை வெயிலிலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. முடிந்ததும் கஞ்சித் தண்ணியில் தொடங்காதீர்கள். ஸ்பூனைச் சாய்த்தால் வழியாத பதத்தில் சோற்றை மசித்து, முள் நீக்கி அவித்த மீனைக் கையால் தடவிப் பார்த்துச் சேர்க்கலாம். மீன் கொடுக்க ஒரு வயது ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

இரத்தசோகைக்குக் கருப்பட்டி போதும் என்று இருந்துவிடக் கூடாது. அதில் இரும்பு கொஞ்சம்தான், மற்றதெல்லாம் இனிப்பு. சர்க்கரை நோயாளிக்கு வெள்ளைச் சர்க்கரைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கர்ப்பிணிக்கு நான்காம் மாதத்திலிருந்து 180 நாள், தினம் ஓர் இரும்புச்சத்து மாத்திரை (60 மில்லிகிராம்) தருகிறார்கள். கூடவே கால்சியமும் கிடைக்கும். இரண்டையும் ஒரே வாயில் போட்டுவிட்டு மேலே டீ குடித்தால் இரும்பு உடம்பில் ஒட்டாது. கால்சியத்தைக் காலையும் மதியமும் சாப்பாட்டோடு, இரும்பை இரவில் எலுமிச்சைச் சாறோடு. டீக்கும் அதற்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி. குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போடலாம். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறார்கள், அது மாத்திரையின் நிறம்.