கெர்னல் பேட்ச் அனுப்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரிஷியஸில் எபேன் சைபர் சிட்டி நிறுவனங்களில் பணியாற்றிக்கொண்டே லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குப் பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்ப முனையும் தமிழ் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். நிரல் சரியாக இருந்தும் பேட்ச் திரும்பி வருவதைப் பலமுறை பார்க்கிறோம். அதை அனுப்பிய முறையும் மதிப்பாய்வுக்கு மறுமொழி தந்த முறையும் அதற்குக் காரணமாகின்றன.

நடை விதிகள் எளியவை. உள்தள்ளலுக்கு எட்டு இடம் அகலமுள்ள டேப் வேண்டும். வரி 80 எழுத்துகளுக்குள் நிற்பது விரும்பத்தக்கது. பேட்சின் நடையைச் சோதிக்கும் செக்பேட்ச் நிரல் 2020 முதல் 100 எழுத்துகளைத் தாண்டினால்தான் எச்சரிக்கிறது என்பதற்காக வரிகளை நீட்டிக்கொண்டே போகக் கூடாது. பிழை திருத்தும் பேட்சிலேயே பக்கத்து வரிகளின் இடைவெளிகளையும் ஒழுங்குபடுத்துவது இதைவிடப் பெரிய தவறு, ஏனெனில் உண்மையான மாற்றம் எதுவென்று படிப்பவர் தேட வேண்டியிருக்கும். ஒரு பேட்சில் ஒரு மாற்றம் மட்டுமே இருக்க வேண்டும். தொடராக அனுப்பினால், ஒவ்வொன்றையும் சேர்த்த பிறகும் கெர்னல் பிழையின்றித் தொகுக்கப்பட வேண்டும்.

விளக்கக் குறிப்பில் என்ன மாற்றினோம் என்பதை மட்டும் எழுதி, ஏன் மாற்றினோம் என்பதை விட்டுவிடுகிறார்கள். என்ன மாறியது என்பது நிரலிலேயே தெரியும். எந்தச் சூழலில் கணினி நின்றுபோனது, பயனருக்கு என்ன பாதிப்பு என்பவை அங்கே தெரியா. பழைய மாற்றம் ஒன்றால் பிழை வந்திருந்தால், ‘ஃபிக்ஸஸ்’ வரியில் அதன் அடையாள எண்ணின் முதல் 12 எழுத்துகளையும் தலைப்பையும் தர வேண்டும்.

நம்மவர்களிடம் நான் மிகவும் கவலையோடு காண்பது மௌனம். பெரியவர் கேட்டால் எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்ந்த நாம், “இந்த லாக் இங்கே ஏன்?” என்று, ஒரே தரவை இரண்டு செயல்கள் ஒரே நேரத்தில் மாற்றாமல் தடுக்கும் பூட்டைப் பற்றி மதிப்பாய்வாளர் கேட்டதுமே அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டு, பதில் எழுதாமல் லாக்கை நீக்கி இரண்டாம் பதிப்பை அனுப்பிவிடுகிறோம். அவர் காரணத்தை அறியவே கேட்டிருக்கலாம். லாக் தேவையானதாகவே இருந்திருக்கலாம். ஒவ்வொரு கேள்விக்கும் அதன் அடியிலேயே பதில் எழுதுங்கள். உடன்படாவிட்டால் காரணத்தோடு சொல்லுங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது.

புதிய பதிப்பில் என்ன மாறியது என்பதை விளக்கக் குறிப்பின் முடிவில் வரும் மூன்று கோடுகளுக்குக் (---) கீழே குறிப்பிட வேண்டும். மதிப்பாய்வாளர் நிரலைப் பார்த்து ஏற்றதைக் காட்டும், முன்பு கிடைத்த ‘ரிவ்யூட்-பை’ வரிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் நிரல் கணிசமாக மாறியிருந்தால் அவற்றை நீக்கிவிட வேண்டும், ஏனெனில் மதிப்பாய்வாளர் பார்த்தது வேறு நிரல். பதில் வரவில்லையென்று மறுநாளே நினைவூட்டக் கூடாது. குறைந்தது ஒரு வாரம் பொறுங்கள். அடுத்த வெளியீட்டுக்கான மாற்றங்களைச் சேர்க்கும் இரண்டு வார மெர்ஜ் விண்டோ நடக்கும்போது இன்னும் பொறுங்கள். காவடி விரத நாள்களில் உங்களால் பதில் எழுத இயலாதெனில், அதை ஒரு வரியில் தெரிவித்துவிட்டால் போதும்.

‘சைன்ட்-ஆஃப்-பை’ வரியை வெறும் கையெழுத்தாக எண்ண வேண்டாம். இந்த நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு என்னும் உறுதிமொழி அது. வேலை ஒப்பந்தப்படி நிரலின் உரிமை நிறுவனத்துக்குரியதாக இருந்தால், அனுப்புவதற்கு முன்பே எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும். உடன் உழைத்தவரின் பெயரில் அந்த வரியை அவர் ஒப்புதலின்றிச் சேர்க்கவும் கூடாது.